அம்மா விடியும்வரை தூங்கிய நாள்

எனக்கும் இப்போது இரண்டரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வந்தால் வந்ததுதான், அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். இதை யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். வெதுவெதுப்பாகப் பால் குடி, செல்போனைத் தூர வை, சாயந்தரக் காபியை நிறுத்து, மூச்சை எண்ணு. எண்ணிப் பார்த்தேன். மூச்சு சரியாகத்தான் வருகிறது, தூக்கம்தான் வரவில்லை. ஆனாலும் இந்த வைத்தியர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. பத்து வயதில் நானே இப்படி ஒரு வைத்தியம் செய்தவள். நோயாளி என் அம்மா.

திருத்தணியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் நாங்கள் இருந்தோம், பின்பக்கம் இரண்டு விசைத்தறிகள் இருந்தன. நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு கதவு. நைனா பகலில் லுங்கி நெய்வார். அவசர ஆர்டர் என்றால் ராத்திரியும் நெய்வார். அநேகமாக எல்லா ஆர்டரும் அவசர ஆர்டர்தான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்கினால் மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். எங்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை. தறி ஓடினால் தூங்குவோம், நின்றால் விழித்துக்கொள்வோம். நடு ராத்திரியில் கரண்ட் போனால் எங்கள் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும்.

அரைப் பரீட்சை லீவுக்கு நான் மணவூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை நைனாவுக்கு அக்கா. போன நாலாம் நாள் காலையில் அவளுக்குப் போன் வந்தது. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் கிளம்பிப் போனாள். மூன்று நாள் கழித்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது ரயிலில்தான் விஷயத்தைச் சொன்னாள். என் கைக்குழந்தைத் தம்பிக்கு ஜுரம் வந்ததாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம், அங்கே சாமி எடுத்துக்கொண்டதாம். அம்மாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றாள். ஆங் என்றேன்.

தம்பிக்கு அப்போது ஐந்து மாதம். வீட்டுக்குள் போனதும் உத்தரத்தைத்தான் பார்த்தேன். தூளி இல்லை, தூளி கட்டியிருந்த கயிறுகூட இல்லை, இரும்புக் கொக்கி மட்டும் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் நான் எதுவும் கேட்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று அத்தை வந்தவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்தாள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது என்பதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாளிலிருந்து நைனா ராத்திரி எட்டு மணிக்கே தறியை நிறுத்த ஆரம்பித்தார். ஆர்டர் கொடுத்தவர் போனில் கத்தினார். கத்தினாலும் நிறுத்தினார். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாவம், அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் நிறுத்துகிறார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அம்மா எங்கே தூங்கினாள்? பத்து மணிக்குப் படுப்பாள், ஒரு கண் அசருவாள், இரண்டு மணிக்கு டாண் என்று எழுந்துவிடுவாள். லைட் போட மாட்டாள். கொக்கிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எதையோ உற்றுக் கேட்கிறவள்போலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் என் பக்கத்தில் வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். சிரித்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொள்வேன். உடனே பதறிப்போய் என் தோளைப் பிடித்து உலுக்குவாள். நான் எழுந்து என்னவென்று கேட்டால், ஒன்றும் இல்லை, தூங்கு என்பாள். தூங்குகிறவளை உலுக்கி எழுப்பிவிட்டுத் தூங்கு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

தெரு முழுக்க வைத்தியம் சொன்னது. ஒருத்தி ஜாதிக்காயைப் பாலில் உரைத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி கசகசா அரைத்துக்கொண்டு வந்தாள். கே.ஜி.கண்டிகையில் மந்திரித்த தாயத்து ஒன்று அம்மாவின் கையில் ஏறியது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நைனா தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்து, அவள் விழுங்குகிறவரை நின்று பார்ப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா கொல்லைக்குப் போய் அதைத் துப்பிவிடுவாள். நான் பார்த்திருக்கிறேன். கசக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் மாத்திரைகளை நானும் அப்படித்தானே துப்புவேன்.

தூக்கம் கெட்டதில் பகலில் அம்மா ஆளே மாறிப்போனாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டே கண்ணை மூடுவாள். ஒரு நாள் சாதம் வடிக்கும்போது கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டாள். முழங்கை வரைக்கும் கொப்புளம். அத்தை மணவூரிலிருந்து வந்து அந்தக் கையைப் பார்த்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததால் எனக்குக் காது கேட்காது என்று நினைத்தோ என்னவோ, நைனாவிடம் சொன்னாள்.

"இப்டியே தூங்காம கெடந்தா புத்தி பேதலிச்சிடும்டா. மெட்ராசுல பெரிய ஆஸ்பத்திரில கொஞ்ச நாளு சேத்து வெச்சிடலாம். பாப்பாவ நான் இஸ்துகினு போறேன்."

நைனா பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை. இப்போது அம்மாவை அனுப்பப் பார்க்கிறார்கள். அம்மா ஒரே ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கிக் காட்டிவிட்டால் போதும், யாரும் அவளை எங்கும் அனுப்ப மாட்டார்கள் என்று தோன்றியது. அவள் ஏன் தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்துபோயிற்று. அத்தை வீட்டில் அந்த நிசப்தத்தில் நான் எத்தனை ராத்திரி புரண்டு புரண்டு படுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தறியை நிறுத்திவிட்டு, தூங்கு தூங்கு என்றால் எப்படித் தூக்கம் வரும்? நெசவுக்காரரான நைனாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவர்மேல் எனக்கு இளக்காரமாக இருந்தது.

அடுத்த வாரம் நைனா லுங்கி மூட்டைகளைக் கொடுத்துவிட்டு வர மெட்ராஸ் போனார். காலையில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அம்மா கண் அசருகிற வரை விழித்திருந்தேன். அப்புறம் மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு தறி அறைக்குள் போனேன். தறிக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று எனக்கு எப்போதும் கட்டளை. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற நாடா தெறித்து ஒருவருக்குக் கண் போன கதையை நைனா சொல்லியிருக்கிறார். ஆனால் தறி வீட்டுப் பிள்ளைக்குத் தறி ஓட்டத் தெரியாதா? நடுவில் கரண்ட் மட்டும் போகக் கூடாது, போகாமலிருந்தால் படி அத்தனையும் நடந்தே ஏறி வருகிறேன் என்று மலைமேல் இருக்கிற முருகனுக்கு வேண்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

ஒரு தறி ஓட ஆரம்பித்ததும் ஓடிப்போய்க் கதவருகே நின்று பார்த்தேன். அம்மா புரண்டு படுத்தாள். அவ்வளவுதான், எழவில்லை. அப்புறம் இரண்டாவது தறியையும் ஓடவிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. நாடாவுக்குள் நூல் சுற்றிய குச்சி ஒன்று இருக்கும், அதைத் தார் என்போம். தாரில் நூல் தீர்ந்ததும் தறியை நிறுத்தி வேறு தார் போட வேண்டும். ஒரு தறி மட்டும் ஓடினால், அதை நிறுத்துகிற நேரத்தில் வீடு அமைதியாகிவிடும், அம்மா எழுந்துவிடுவாள். இரண்டு ஓடினால் ஒன்று நிற்கும்போது இன்னொன்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன், இன்றைக்கும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

ராத்திரி முழுக்க இரண்டு தறிக்கும் நடுவில் ஓடினேன். இழை அறுந்தது, துணி கோணிக்கொண்டு போனது, அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சத்தம் நிற்காமல் இருந்தால் சரி. தார் மாற்றும்போது விரல் நசுங்கி நகத்துக்குள் ரத்தம் கட்டிக்கொண்டது. சத்தம் வராமல் பாவாடையைக் கடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு மணிக்குக் கதவருகே போய் நின்றேன். அம்மா வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கொப்புளம் ஆறிய கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள். மூன்று மணிக்கும் தூங்கினாள். மலையில் பாட்டு போட்டார்கள், அப்போதும் தூங்கினாள். எனக்கு நிற்க முடியவில்லை, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நைனா ஏழு மணிக்கு வந்தார். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஓடித்தான் வந்தார். தறி அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்து, அம்மா தூங்குகிறாள், போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தார்.

சத்தம் நின்றதும் அம்மா எழுந்துவிட்டாள். வெயில் தரைவரைக்கும் வந்திருந்தது. அவள் வெயிலைப் பார்த்தாள், தறி அறைக் கதவைப் பார்த்தாள். உடனே விழுந்தடித்துக்கொண்டு எழுந்து, கொக்கிக்குக் கீழே போய் இரண்டு கைகளையும் நீட்டித் துழாவினாள். அங்கே ஒன்றும் இல்லை. நைனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்டித்தாங்க. தறி ஓடிகினு இருந்துச்சி, நான் பாட்டுக்கு தூங்கிகினு இருந்துட்டேன். புள்ள அழுதது என் காதுல வுழலியே."

நைனா சட்டைகூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார்.

"தறிய ஓட்டினது நான்தானே. எனக்கும்தான் கேக்கல."

அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நைனா அழுது அன்றுதான் முதலில் பார்த்தேன். இவர்கள் எந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில்தானே போனான், அங்கே ஏது தறி? யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீங்கிப்போன விரலை இரண்டு தடவை அவர்கள் கண்ணில் படும்படி நீட்டிப் பார்த்தேன், என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே தலையைச் சீவிக்கொண்டு, சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் தூங்கிவிழுந்து முட்டி போட்டேன்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் என்பார்கள், எனக்கு மட்டும் தணியவே இல்லை. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டுத் தூங்கவைத்தேனே, நல்லா தூங்கினேன்டி என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.