ஏரிப் படம் கேட்ட அம்மா

தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிது. உத்திரமேரூர் தாலுகா ஆபீசில் நான் ரிக்கார்டு கிளார்க். திருப்புலிவனம் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து அந்த அம்மா திங்கட்கிழமைதோறும் வருவார். கணுக்காலில் நடவுச் சேறு காய்ந்திருக்கும். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார்.

“எங்க வூடுங்க ஏரிக்குள்ள கீதுன்னு காலி பண்ணச் சொல்றாங்க சார். ஏரியோட சர்வே படம் குடு.”

“படிக்கத் தெரியுமாம்மா?”

“எனுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ஊர்ல கீறாங்க. படம்தான் உன்னாண்ட கீது.”

ஐந்தாவது திங்கட்கிழமை நகல் கொடுத்தேன்.

பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. ஏரி எல்லைக் கோடு மட்டும் பல விரல்கள் பட்டு மங்கியிருந்தது. குடிசைகள் கோட்டுக்கு வெளியேதான். ஒரு குடிசையையும் யாரும் பிரிக்கவில்லை.

ஒன்பது வருஷம் அந்தப் படத்தைப் பூட்டி வைத்திருந்தவன் நான். ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை.