குடுவைச் செடி மேல் விழுந்த பழி

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவர். படியில் கால் வைக்கும்போதே, டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்பார். பல தடவை சரியாகத்தான் இருக்கும். தப்பாகிப்போன தடவைகளைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

மனைவி போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசியது மந்திரியிடம்தான். மந்திரி ஒரு சாம்பல் நிறப் பூனை. யோசனை கேட்டால் சொல்லத் தயாராக இருப்பதுபோல எப்போதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

மகனைக் கட்டிக்கொண்டு வந்த மருமகள், பெட்டியோடு ஒரு பூந்தொட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பூச்சி தின்னும் செடி. இலை நுனிகளில் சின்னச் சின்னக் குடுவைகள் தொங்கும். ஈயோ எறும்போ வழுக்கி உள்ளே விழுந்தால், அதிலிருக்கும் நீரில் கரைந்து செடிக்கு உணவாகிவிடும். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. காலையில் கிளம்பும் முன், "இன்னிக்கு விருந்தாளி யாரும் வரலையா?" என்று குடுவைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

செக்கருக்கு அந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. "உசுரத் தின்ற செடிய எவனாவது வீட்டுக்குள்ள வெப்பானா? பூனை இருக்கற வீடும்மா இது."

"பூனைய ஒண்ணும் பண்ணாது மாமா. ஒரு ஈயத் தின்னவே அதுக்கு நாளாகும்."

எதிர்த்துப் பேசிவிட்டாளே என்பதுதான் அவர் மனதில் தங்கியது.

அவர் ஓய்வுபெற்ற அன்று பணிமனையில் ஒரு பெரிய பூங்கொத்து கொடுத்தார்கள். எல்லாம் வெள்ளை லில்லிப் பூக்கள். வேலை பார்த்த காலம் முழுக்க ஜனங்களிடம் வசவுதான் வாங்கியிருந்தார். பூ வாங்கியது அதுதான் முதல்முறை. வருகிறவர் கண்ணில் படட்டும் என்று கூடத்து மேசையில் ஜாடியில் வைத்தார். மறுநாள் மந்திரியின் மூக்கிலும் மார்பிலும் காவி நிறத்தில் பொடி அப்பியிருந்தது. "என்ன மந்திரியாரே, பவுடர் போட்டாச்சா?" என்று சிரித்தாரே தவிர துடைத்துவிடவில்லை. மந்திரி நக்கி நக்கித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டது.

பொழுது சாய்வதற்குள் வாந்தி. 'புல்லைத் தின்றிருக்கும்' என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் பூனை கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முந்தின வாரம் அது குடுவையில் வாய் வைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்துவிட்டார்.

"பாருங்க எல்லாரும்! வெஷச் செடிய வெச்சு என் பூனைய சாகடிக்கறா! வந்தப்பவே சொன்னேன், கேட்டாளா?"

மேல்வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எல்லோர் கண்ணெதிரிலும் தொட்டியைக் கீழே முற்றத்தில் வீசினார். அது சில்லுச் சில்லாகச் சிதறியது.

மருமகள் கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மந்திரியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "திட்டறத அப்புறம் வெச்சுக்கலாம் மாமா. மொதல்ல டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

கால்நடை மருத்துவரம்மா செடியின் கதையைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "குடுவைச் செடி பூனைக்கு வெஷமில்லைங்க. மென்னு தின்னா வயிறு கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான். பூனையாலதான் செடிக்கு ஆபத்து." மந்திரியின் மார்பு முடியை விலக்கிப் பார்த்தார். காவிக்கறை கொஞ்சம் மிச்சமிருந்தது. "வீட்ல லில்லிப் பூ இருக்கா?"

செக்கரின் முகத்தில் ஈயாடவில்லை.

"பூனைக்கு லில்லிதாங்க எமன். அந்தப் பூவோட மகரந்தப் பொடிய நக்கினாலே கிட்னி போயிடும். யாரு கொண்டுவந்து வெச்சது?"

"யாரோ குடுத்தாங்க டாக்டர்," என்று மருமகள் முந்திக்கொண்டாள். "இப்படின்னு எங்க யாருக்கும் தெரியாது."

எத்தனையோ பேர் தன் முன்னால் கைபிசைந்து நின்றதைப் பார்த்தவர், அன்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மந்திரியை அங்கேயே வைத்துக்கொண்டு நாட்கணக்கில் சலைன் ஏற்றினார்கள். மகன் கேட்டபோதும், "வெளில எதையோ நக்கியிருக்குங்க" என்றாள் அவள். செக்கர் பூக்களைச் செய்தித்தாளில் சுருட்டி, திருடனைப்போல அக்கம்பக்கம் பார்த்துக் குப்பையில் போட்டார்.

பூனையைப் பார்த்துவிட்டு மருமகளோடு திரும்பிய ஒரு சாயங்காலம், தையல்காரம்மா படியில் மறித்தாள். மருமகள் இன்னும் கீழ்ப்படியில்தான் இருந்தாள். "எல்லாம் அந்தச் செடி பண்ண வேலைதானே செக்கரே?"

"ம்..." என்றார்.

மருமகள் அதைக் கேட்டுவிட்டாள். அவரைக் கடந்து உள்ளே போனாள். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அந்த ஒற்றை 'ம்', கத்திய கத்தலைவிடக் கேவலமாகப் பட்டது. தையல்காரம்மா தன் வீட்டுக்குப் போன பிறகு, மேலே ஏறி அவள் கதவைத் தட்டினார்.

"செடி இல்லம்மா. நான் வெச்ச பூதான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. உங்க எதிர்லதானே கத்தினேன், அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

எதிர்வீட்டிலும் அதையே சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மகனிடம் சொன்னார். மகன் கையிலிருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு, "அவகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அதுதான் பாக்கி. அடுப்படி வாசலில் போய் நின்றார். "தப்பு என்னுதும்மா. வேற செடி வாங்கித் தரட்டுமா?"

"வேணாம் மாமா. அது நான் படிக்கறப்போலேந்து வளத்தது," என்றாள். குரலில் கோபமுமில்லை, ஆறுதலுமில்லை.

மந்திரி பிழைத்துக்கொண்டது. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யும் என்றார்கள். தினமும் வாயில் மருந்து ஊற்ற வேண்டும். அவர் பிடித்துக்கொள்வார், அவள் ஊற்றுவாள். "தலைய நிமித்துங்க மாமா," என்பாள். பூனையின் தலையைத்தான் சொல்கிறாள் என்பது புரிய, முதல் தடவை அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.