நிறுத்திய கைகள்

விமானத்தில் வேலை என்றால் கேட்பவர் கண் விரியும். அங்கே மெக்கானிக் என்று சொல்லி முடிப்பதற்குள் விரிந்த கண் சுருங்கிவிடும். காலமெல்லாம் இதைப் பார்த்துப் பழகிப்போனவர் அவர். மச்சினன் வேறு, நாலு பேர் கூடிய இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். தன் பைக் இருமுகிறது, மாமா ஒரு கை பார்க்கக் கூடாதா என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். மகள் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். ஊர் ஆயிரம் சொல்லட்டும், பெற்ற பெண் கூசினால் எந்தத் தகப்பனால் தாங்க முடியும்?

அந்த மகளுக்கு ஒருவழியாக நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வேறு ஊரில், பெரிய நிறுவனம். எத்தனையோ இடங்களில் கதவு சாத்தப்பட்ட பிறகு திறந்த ஒரே கதவு. காலை விமானத்தில் போனால் மத்தியானத் தேர்வுக்குச் சரியாக இருக்கும். மனைவி முந்தின நாளே மகளின் பையை அடுக்கி வைத்துவிட்டாள்.

அந்த விமானமே அன்று அவர் கைக்கு வந்தது. எஞ்சினின் மூடியைத் திறந்து, தளர்ந்திருந்த ஒரு குழாய் இணைப்பை முறுக்கிச் சரிசெய்துகொண்டிருந்தபோது பயணிகள் படியேறத் தொடங்கினார்கள். வரிசையில் மகள். புதுச் சுடிதாரில் யாரோ போலத் தெரிந்தாள். கையசைக்க நினைத்தவர் தன் கையைப் பார்த்தார், ஒரே கிரீஸ். எல்லோர் எதிரிலும் இந்தக் கையையா காட்டுவது? அவசரமாகக் கந்தலை எடுத்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

வேலையை முடித்தார், மூடியைப் பூட்டினார், கையெழுத்துப் போட்டார். படி விலகியது. கருவிப் பெட்டியை மூடப் போனவரின் கை அப்படியே நின்றது.

அந்தப் பெட்டியில் கறுப்பு ரப்பர் மெத்தை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்திலேயே குழி வெட்டியிருக்கும். எந்தக் குழி காலியோ, அந்தக் கருவி வெளியே கிடக்கிறது என்று அர்த்தம். கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியதை அவர் பிறகு பார்த்தார். சின்ன ஸ்பானரின் குழி காலி.

பையைத் தடவினார். தரையைப் பார்த்தார். எங்கும் இல்லை. எஞ்சினுக்குள் இருந்தால்? பறக்கும்போது எஞ்சினையே சிதைத்துவிடும். இல்லாமலும் இருக்கலாமே என்றது மனசு. வாயைத் திறந்தால் மகளின் தேர்வு போயிற்று. திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

விமானம் நகரத் தயாரானது. அவர் ஓடினார். விமானியின் கண்ணுக்கு நேரே நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறிபோலத் தூக்கிப் பிடித்தார். நில் என்று அதற்குப் பொருள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கருவி காணோம் என்று தானே வந்து சொன்னவனை, அதைத் தேடி முடிக்கும்வரை யாரும் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்தவன் மறைப்பான். விஷயத்தைக் கேட்ட மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டேல்ல. வா, தேடுவோம்."

பயணிகளை இறக்கி நிழலில் உட்காரவைத்தார்கள். எஞ்சின் மறுபடி திறக்கப்பட்டது. டார்ச்சும் கண்ணாடியுமாக ஒவ்வொரு இடுக்கையும் துழாவினார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில், அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்தபோது டிங்கென்று விழுந்தது ஸ்பானர். கையைத் துடைத்த அவசரத்தில் கந்தலோடு சுருட்டி அவரே போட்டிருக்கிறார். விமானத்துக்குள் ஒன்றுமே இல்லை.

விஷயம் பயணிகள் காதுக்கும் போயிற்று. ஒரு பெரிய மனிதர் அவரைப் பார்த்து எழுந்தார். "தெருவுல டயர் மாத்தறவன்கூடச் சாமானைப் பத்திரமா வெச்சுப்பான்யா. குப்பையில கிடந்ததுக்கா எங்களைக் காயப்போட்டே?"

அவர் தலைகுனிந்து நின்றார். தப்பு தன்னுடையதுதான்.

"சார்," என்றது ஒரு குரல். மகள். "அவர் வாயைத் திறக்காம இருந்திருந்தா நாம எல்லாம் இந்நேரம் மேலே இருப்போம். அது உள்ளே இருக்கா, இல்லையான்னு அவருக்கும் தெரியாது. எனக்கு இன்னைக்கு இன்டர்வியூ போயிடுச்சு. அவர் எங்கப்பா."

பெரிய மனிதர் உட்கார்ந்தார். அவள் அப்பாவைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள்.

"நான் உள்ளே இருந்ததாலயாப்பா நிறுத்தினீங்க?"

"நீ இல்லாட்டியும் நிறுத்தியிருப்பேம்மா. நீ இருந்ததால கை கொஞ்சம் நடுங்குச்சு. அவ்வளவுதான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்விடு, நான் அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவள் கேட்கவில்லை. தேர்வு முடிந்திருந்தாலும் வாசலில் நின்றாவது இன்னொரு வாய்ப்புக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு விமானத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டீங்களாப்பா?"

"இப்பப் போட்டுட்டேன்."

"அப்போ போறேன்."

மற்றவர்கள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அவள் முதல் ஆளாகப் படியேறினாள்.