ஜே புன்ஹீயும் கிளம்ப மறுத்த படகும்

கால்மி தீவின் துறையில் ஜே புன்ஹீயின் கைபடாத எஞ்சின் கிடையாது. ஐம்பத்தொரு வயது, பூப்போட்ட தொளதொள கால்சட்டை, முழங்கை வரை கிரீஸ். கோஜேயில் ஒரு பெரிய கப்பல் பட்டறையில் பதினான்கு வருடம் ஒயர் இழுத்தவள். ஆம்பிளைகள் நுழைய முடியாத சந்துபொந்துகளில் எல்லாம் அவளைத்தான் அனுப்புவார்கள். கல்யாணமாகித் தீவுக்கு வந்த பிறகு, சிப்பி வளர்க்கும் தன் கணவனுக்கு ஸ்பேனருக்கும் சோற்றுக் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்பதைக் கண்டுகொண்டாள். துறையோரம் ஒரு பழைய கண்டெய்னரை இறக்கி மெக்கானிக் கடை போட்டாள். அவனுக்கு இன்னும் அந்த வித்தியாசம் தெரியாது. அதனாலேயே அந்த வீட்டில் சண்டை குறைவு.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குற்றம் நிரூபணமாகாமல் எந்தச் சாமானையும் மாற்றமாட்டாள். எதையாவது மாற்றித் தொலை என்று வருகிறவனைக் காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்து உட்கார வைப்பாள். "எதையாவது மாத்தணும்னா உன் மூளைய மாத்திக்க. எஞ்சின் எங்கிட்ட இருக்கட்டும்" என்பாள். இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. எல்லோரும் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள்.

அப்படிப்பட்டவள், தோ பில்குவின் படகிடம் இரண்டு தடவை தோற்றுப்போனாள்.

பில்கு குளியாளிப் பெண்களை ஏற்றிப் போகிறவன். ஏழு பெண்கள், ரப்பர் உடையும் மிதவையுமாகக் கடலில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் சங்கும் கடல் அட்டையும் எடுப்பார்கள். அவர்கள் கீழே இருக்கும்போது எஞ்சின் ஓடக்கூடாது. படகின் அடியில் சுழலும் விசிறி யார் கால் என்று பார்க்காது. அவர்கள் மேலே வந்து கை காட்டியதும் எஞ்சின் உடனே எடுக்க வேண்டும். வருடத்தின் முதல் மாதப் பௌர்ணமிப் படையலுக்குப் பிறகு அந்த எஞ்சினுக்கு என்ன வந்ததோ, நாலு தடவை எடுத்தால் ஐந்தாம் தடவை 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்துக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல எடுக்கும்.

புன்ஹீ முதல் தடவை பேட்டரியைப் பார்த்தாள், நன்றாக இருந்தது. முனைகளைத் துடைத்து முறுக்கினாள். இரண்டாம் தடவை செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தாள், அதுவும் யோக்கியம். இரண்டு தடவையும் துறையில் பத்து முறை எடுத்துக் காட்டி, சரியாகிவிட்டது என்று வாயால் சொன்னாள். போன வியாழக்கிழமை ஏழு பெண்களும் நீரோட்டத்தில் மாட்டினார்கள். பில்கு சாவியைத் திருகித் திருகிக் கை வீங்கியதுதான் மிச்சம். நெத்திலிப் படகு ஒன்று பார்த்து அவர்களைத் தூக்கியபோது, பாறைக் கூட்டம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

குளியாளிகளின் தலைவி கேசுன் அறுபத்தெட்டு வயதுக்காரி. திட்டுவதில் அந்தக் கரையில் அவளை அடிக்க ஆள் இல்லை. ஆனால் அன்று அவள் திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பக்கத்துத் தீவுப் படகுல போயிடுவோம் பில்கு. உன் பொண்டாட்டியும் எங்ககூடத்தான் வருவா" என்று மட்டும் சொன்னாள். பில்குவின் மனைவி யொன்சிம் அந்த ஏழு பேரில் ஒருத்தி. அவள் புருஷனைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை காலை கடல் வற்றும் நேரத்துக்கு ஏழு பேரும் உடை போட்டுத் துறையில் நின்றார்கள். புன்ஹீ மூன்றாம் தடவையாக எஞ்சின் அறைக்குள் இறங்கினாள். இந்தத் தடவை எதையும் கழற்றவில்லை. மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த் முனையில் வைத்தாள். மற்றதை எஞ்சினின் உடம்பில் வைத்தாள்.

"திருகுங்க அண்ணே."

பில்கு திருகினான். எஞ்சின் எடுத்தது. மீட்டர் சும்மா இருந்தது.

"அணைச்சுட்டுத் திரும்பத் திருகுங்க."

ஆறாவது தடவை 'டக்' என்றது. மீட்டரில் எட்டு வோல்ட்; ஒயர் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் காட்டியிருக்காது. பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு எர்த் ஒயர்தான். பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில் அந்த எட்டும் அங்கேதான் எங்கேயோ செத்துப்போகிறது. புன்ஹீ ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது ஒரு புகோவுக்குப் பின்னால் போய் மறைந்தது.

புகோ என்றால், வாய் பிளந்து காய்ந்த முழு மீன். பௌர்ணமிப் படையல் முடிந்ததும் வெள்ளை நூல்கற்றையால் கட்டி எஞ்சின் அறையில் தொங்கவிடுவார்கள். அது இல்லாத படகு அந்தக் கரையில் இல்லை. அடுத்தவர் படகுப் புகோவில் யாரும் கை வைக்கவும் மாட்டார்கள். புன்ஹீ இரண்டு தடவையும் அதற்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போயிருந்தாள்.

இப்போது டார்ச்சை அடித்துப் பின்னால் பார்த்தாள். கற்றை முழுவதும் எர்த் போல்ட்டில் சுற்றியிருந்தது. ஒயரின் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே நூல். படகு ஆடுகிற ஆட்டத்தில் ஒரு நேரம் இரும்பு தொடும், ஒரு நேரம் நூல் தொடும்.

"அண்ணே, இதை இங்க கட்டுனது யாரு?"

"நான்தான். பழைய கொக்கி துருப்பிடிச்சு விழுந்துருச்சு. போல்ட்ட லேசாத் தளர்த்தி, சுத்தி, நல்லா இறுக்கிவிட்டேன். ஏன்?"

"நல்லா இறுக்குனீங்க. கிழவன் கழுத்துல மப்ளர் சுத்துன மாதிரி."

பில்கு அவசரமாகக் குனிந்தான். "அதை அவுக்காத புன்ஹீ. வருஷம் முடியறதுக்குள்ள புகோவ எறக்குனா யாரு ஏறுவாங்க இந்தப் படகுல?"

"அவுக்கலைன்னா மட்டும் ஏறுறாங்களாக்கும்."

கத்தரித்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த நூல் என்றால் படகில் போகிறவர்களின் ஆயுசு, அதைக் கத்தரிக்கக்கூடாது. புன்ஹீக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மேலே ஏறி, துறையில் நின்றவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அண்ணன் செஞ்ச தப்பு பாதிதான். புகோவுக்குப் பின்னால பாக்காம ரெண்டு தடவை சரின்னு சொன்னேனே, அது என் தப்பு. உங்க உயிரு அது. மதினி, நீங்க எறங்கி உங்க கையால அவுத்துவிடுங்க. நூல் அறக்கூடாது."

யொன்சிம் இறங்கினாள். உப்பும் எண்ணெயும் ஏறி விறைத்துப்போன கற்றையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு இழைகூட அறவில்லை. அவள் புகோவை மடியில் வைத்துக்கொள்ள, புன்ஹீ வளையத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து முறுக்கினாள். மரச்சட்டத்தில் புதிதாக ஒரு பித்தளைக் கொக்கி அடித்தாள். யொன்சிம் புகோவை அதில் மாட்டினாள். இருபது முறை திருகியும் மீட்டர் அசையவில்லை.

"இனிமே நிக்காது" என்றாள் புன்ஹீ.

"போன ரெண்டு தடவையும் துறையில நல்லாத்தான் எடுத்துச்சு" என்றாள் கேசுன். "வா எங்ககூட. நாங்க எறங்குற எடத்துல நீயும் எறங்கு."

"அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியும். அதான் கூப்பிடுறேன்."

துறையில் யாரும் சிரிக்கவில்லை. புன்ஹீ கண்டெய்னருக்குப் போய், கதவில் தொங்கிய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தண்ணீரைப் பற்றிய பயம். போல்ட்டைப் பற்றி அவளுக்கு ஒரு பயமும் இல்லை.

பாறைகளுக்கு இப்பால் பில்கு எஞ்சினை அணைத்தான். பெண்கள் இறங்கினார்கள். புன்ஹீ ஏணியைப் பிடித்து இறங்கி, கடைசிப் படியில் கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். குளிர் மார்பை இறுக்கியது. கேசுன் அவள் காலரைப் பிடித்துத் தன் மிதவையில் சேர்த்துவிட்டாள். நீரோட்டம் எட்டு பேரையும் படகிலிருந்து மெல்லப் பிரித்து இழுத்தது. இருபது கஜம், நாற்பது கஜம் என்று படகு தூரமானது.

கேசுன் கையைத் தூக்கினாள்.

பில்கு சாவியைத் திருகினான். எஞ்சின் ஒரே பிடியில் எடுத்தது. கேசுன் அணைக்கச் சொன்னாள், எடுக்கச் சொன்னாள். ஐந்து தடவை அப்படி. ஐந்தாவதில் யொன்சிம் தண்ணீருக்குள்ளேயே அழுதுவிட்டாள். பில்கு மேலே நின்று சாவியை விடாமல் பிடித்திருந்தான், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"டேய் பில்கு" என்று கேசுன் கத்தினாள். "அணைச்சுத் தொலை. நாங்க கீழ போகணும்."

சத்தம் நின்றது. ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தலைகீழாகத் திரும்பிக் கடலுக்குள் போனார்கள். கேசுனின் மிதவையைக் கட்டிப் பிடித்தபடி புன்ஹீ மட்டும் மேலே இருந்தாள்.