எங்களுக்கு ஆளில்லாத ஊர்

"அங்கை ஆரிட்டை நிக்கப்போறீர்?"

என் கணவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். வைகாசியில் பரிஸில் அவருடைய அக்காவின் மகளுக்குக் கலியாணம். கலியாணம் முடிந்ததும் அவர் அக்கா வீட்டில் நிற்கட்டும், நான் மட்டும் ரயிலேறி ஃபொன்தன்புளோவுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று எங்கள் ரொறன்ரோ வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். பிரெஞ்சு ராசாக்களின் பழைய அரண்மனை இருக்கிற சிறிய ஊர், சுற்றிவரப் பெரிய காடு என்றும் சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்றும் கேட்கவில்லை. யாரிடம் நிற்பாய் என்றுதான் கேட்டார்.

"ஹொட்டேலிலை."

"ஹொட்டேலிலையோ? அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே!"

"ஓம். அதுக்காகத்தான் போறன்."

இவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். கதையை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் சனத்துக்கு உலகம் என்பது சொந்தக்காரர் இருக்கிற இடங்கள் மட்டும்தான். லண்டன் என்றால் பெரியம்மா வீடு. ஒஸ்லோ என்றால் ஒன்றுவிட்ட அண்ணை வீடு. சுவிஸுக்குப் போய்வந்தவரிடம் மலை எப்படி என்று கேட்டுப் பாருங்கள், சித்தப்பாவின் முழங்கால் வருத்தத்தைப் பற்றிச் சொல்வார். நான் இதைப் பழிக்கவில்லை. ஊர்ச் சண்டைக்குத் தப்பி, கையில் ஒன்றுமில்லாமல் வந்திறங்கிய நாட்களில் சொந்தக்காரர் வீட்டு நிலத்தில் விரித்த பாய்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் காப்பாற்றியது போதும் என்று என்றைக்காவது ஒருநாள் சொல்லத்தானே வேண்டும்?

பரிஸுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். எத்தனையோ வீட்டுக் குசினிகளில் சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் எந்தக் கடையில் முருங்கைக்காய் நல்லது என்றும் தெரியும். உலகமே போய்ப் பார்க்கிற அந்த இரும்புக் கோபுரத்தை மட்டும் ஒரேயொரு தடவை, பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் பிந்திப்போகிற அவதியில், கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரின் தலை பாதியை மறைத்துவிட்டது.

முதல் தடவை போனது விருந்துக்கு அல்ல. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று பொறுப்பெடுத்த ஏஜென்சிக்காரன் பரிஸுக்கு வெளியே ஒரு மாடி வீட்டில், விசா இல்லாத எங்களை மாதக்கணக்கில் வைத்திருந்தான். பகலிலும் திரைச்சீலை மூடியிருக்கும். செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, கீழ்வீட்டுக்குக் கேட்கும். பிரான்ஸில் இருந்தேன் என்று சொல்கிறேனே தவிர, நான் இருந்தது அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால்.

ஒருநாள் காலையில் எங்களை ஒரு வானில் ஏற்றி வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். எனக்கு யன்னலோரம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் றோட்டின் இரண்டு பக்கமும் காடு வந்தது. பெரிய பெரிய கற்பாறைகள், அவற்றுக்கு நடுவே வெயில். ஒரு குடும்பம் பாறை ஒன்றின்மேல் துணி விரித்து நீளப் பாண் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் நாயுடன் தனியாக நடந்துபோனாள். அவளுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். றோட்டோரப் பலகையில் இருந்த ஊரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். முன் சீற்றில் இருந்தவன் திரும்பிப் பார்த்து, "தலையைக் குனி!" என்று உறுக்கினான். குனிந்தேன். அந்தக் காட்டில் மிச்சம் நான் பார்த்ததெல்லாம் என் செருப்புத்தான்.

அந்தப் பெயர்தான் ஃபொன்தன்புளோ. இன்றுவரை மறக்கவில்லை. அரண்மனை, பளிங்கு, ராசாக்கள் படுத்த கட்டில் எல்லாம் இருக்கிறதாம், நேரமிருந்தால் பார்ப்பேன். எனக்கு வேண்டியது வேறு. அந்தக் காட்டுக்குள் நான் தனியாக, தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கவேண்டும். பாறை ஒன்றில் இருந்து பாண் சாப்பிடவேண்டும். யாராவது பார்த்தால் பார்க்கட்டும். கலியாணம் முடித்த புதிதில் இந்தக் கதையை இவருக்குச் சொன்னபோது, "எல்லாரும் அப்பிடித்தானே வந்தம்," என்றார். உண்மைதான். எல்லோரும் அப்படித்தான் வந்தோம் என்பதற்காக என் கோபம் எனக்கு இல்லாமல் போய்விடுமா?

மகள் ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்வில்லில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மேசையில் இருந்து இரண்டு பேருமாகக் கொம்பியூட்டரில் எல்லாம் பார்த்தோம். பரிஸின் லியோன் ஸ்ரேஷனில் ரயிலேறினால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இறங்கி பஸ் எடுத்தால் அரண்மனை வாசல். காட்டுப் பாதைகளில் மரத்திலும் பாறையிலும் நீலக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பார்த்து நடந்தால் வழி தவறாது. பாண் கடை ஒன்றுக்கு மேலே சின்ன அறை அகப்பட்டது. "அம்மா, ஐ லவ் திஸ் ஃபோர் யூ," என்றாள் மகள். பிறகு குரலைத் தணித்து, "பட் தனியவா? ஆர் யூ ஷுவர்?" என்றாள். இவள் இங்கே பிறந்தவள், பத்தொன்பது வயதில் முதுகுப் பையுடன் அரை உலகத்தைச் சுற்றியவள். அவளுக்கும் அம்மா என்றால் யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். எனக்குச் சுரீர் என்றது. "நீ அறையைப் புக் பண்ணு," என்றேன்.

அதன் பிறகு நடக்கிற சப்பாத்து ஒன்று வாங்கினேன். பங்குனிச் சேற்றில் ரூஜ் ஆற்றங்கரைப் பாதையில் நடந்து பழகினேன். அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்கிற மருந்துக் கடைக்கு அந்தச் சப்பாத்தோடேயே போய்விடுவேன். ஆட்கள் மருந்துச் சீட்டை நீட்டியபடி என் காலைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இவர் எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு எவரும் செய்யாத வேலையைச் செய்தார். குடும்ப வட்ஸ்அப்பில், "நாங்கள் வைகாசியிலை பரிஸ் போறம். ஆருக்கும் ஏதும் குடுத்துவிட இருந்தால் சொல்லுங்கோ," என்று போட்டுவிட்டார். கேட்டால், சொல்லாமல் போனால் சனம் என்ன நினைக்கும் என்கிறார்.

பிறகென்ன, கதவு மணி ஓயவில்லை. ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு அண்ணை தன் தம்பிக்கென்று விற்றமின் குளிசைகளும் மேப்பிள் பாணிப் போத்தலும் கொண்டுவந்தார். ஒரு அன்ரி தங்கச்சியின் மகளுக்குத் தைத்த சேலைச் சட்டைகளைக் கொண்டுவந்து, "சின்னப் பார்சல்தான் பிள்ளை, பாரமே இல்லை," என்றா. பார்சல் சின்னன்தான். அதன் வால்தான் நீளம். பார்சலைக் கொடுக்க வீட்டுக்குப் போகவேண்டும். போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். சாப்பிட்டு எழும்பினால், "ரொறன்ரோவுக்கு ஒரு சின்னப் பார்சல்" என்று பதிலுக்கு ஒன்று தருவார்கள். பிறகு அதைக் கொண்டுவந்து இங்கே ஒரு வீட்டில் கொடுத்துச் சாப்பிடவேண்டும். சாப்பாட்டு மேசையில் அந்தப் பைகளைப் பார்த்தபோது என் இரண்டு நாளும் அதற்குள் கட்டிவைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. முன்பு எத்தனை பயணங்கள் அப்படியே போயிருக்கின்றன!

"இதெல்லாம் உங்கடை பெட்டியிலை போகட்டும்," என்றேன். "நீங்களே கொண்டுபோங்கோ, நீங்களே குடுங்கோ, நீங்களே இருந்து சாப்பிடுங்கோ."

"உமக்கும் பெட்டி இருக்குத்தானே?"

"இல்லை. என்ரை ரிக்கற்றுக்குப் பெட்டி இல்லை. ஒரு தோள்பை மட்டும்தான்."

ரிக்கற் எடுக்கும்போதே மகளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கலியாணத்துக்கு ஒரு சேலை, காட்டுக்கு அந்தச் சப்பாத்து, மாற்றுடுப்பு. போதும். கொண்டுபோக இடம் இருந்தால்தானே ஆட்கள் தருவார்கள். இவர் என்னைப் புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அடுத்த நாள் பரிஸில் இருந்து மச்சாள் போன் எடுத்தா. இவருடைய அக்கா, கலியாணப் பெண்ணின் தாய். நல்ல மனுசி. அதுதான் கரைச்சலே. கெட்டவர்களோடு சண்டை பிடிப்பது சுகம்.

"நாங்கள் இவ்வளவு பேர் இருக்க நீர் ஹொட்டேலிலை போய் நிண்டால் எங்களுக்கு என்ன மரியாதை?" என்றா. "காடுதானே பாக்கவேணும்? நாங்கள் எல்லாரும் வாறம். என்ரை பெடியன் கார் ஓடுவான், மற்றக் காரை மருமகன் எடுப்பார். விடிய எழும்பிப் புரியாணி கட்டுறன். பின்னேரம் திரும்பி வந்திடலாம்."

எனக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிந்தது. பாறை நிறைய அலுமினியத் தட்டுகள். நாற்காலி மடக்குகிற சத்தம். யார் வீட்டுப் பெண் யாரோடு போய்விட்டாள் என்ற கதை. பெரிய கிடாரத்தில் இருந்து யாரோ எனக்கு இன்னொரு துண்டு இறைச்சி போடுவார்கள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"வேண்டாம் மச்சாள். நான் தனிய நடக்கவேணும்."

"தனியவோ? ஏன், நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. நான் அந்தக் காட்டுக்குள்ளாலை வந்தனான்." வானையும் யன்னலையும் தலையைக் குனியச் சொன்னதையும் சொன்னேன். அவவுக்கு இது புதுக்கதை. "உதெல்லாம் எந்தக் காலத்துக் கதை! இப்ப என்னத்துக்கு உதைக் கிண்டுறீர்?" என்றா. குரல் உடைந்திருந்தது. தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றுதான் அவவுக்குப் பட்டது. நான் வேறு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டா.

அதற்குப் பிறகு மச்சாள் எடுக்கவில்லை. தினமும் காலையில் வருகிற முருகன் படமும் வட்ஸ்அப்பில் வரவில்லை. இவர் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தார். "ஒருக்கா எடுத்து மன்னிப்புக் கேளுமன்," என்றார்.

"மன்னிப்புக் கேக்க நான் என்ன செய்தனான்?"

"அக்கா அழுதவவாம்."

"அந்த மாடி வீட்டிலை நானும் அழுதனான். அப்ப ஒருத்தரும் எனக்கு எடுக்கேல்லை."

மச்சாளை எனக்குப் பிடிக்கும். என் பிள்ளை பிறந்தபோது கடல் தாண்டி வந்து பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டவ. அவவின் மகளின் கலியாணத்தில் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டால் அதை நான் எப்படித் தாங்குவேன்? அறையை விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். கான்சல் பண்ண இன்னும் காலம் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டு, குளிருக்குள் வெளியே போய்ச் சப்பாத்துச் சேற்றைக் கழுவினேன். கழுவி முடிய, விடமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை இவர் பார்சல்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ரெக்ஸ்டேலுக்கும் மற்ற வீடுகளுக்கும் போனார். இடமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "காட்டிலை விழுந்து காலை முறிச்சால் ஆரைக் கூப்பிடுவீர்?" என்று கேட்டார். "உங்களைத்தான்," என்றேன். அதுவரை இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகியது. சேலைச் சட்டைகளை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்ரியோடு முகத்தை முறிக்க அவரால் ஏலவில்லை.

நேற்று மச்சாள் எடுத்தா. என்னுடன் கதைக்கவேண்டும் என்று இவரிடம் சொல்லி, போன் என் கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் கலியாணப் பூ, மணவறை, பந்திக்கு எத்தனை கறி என்று கதைத்தோம். பிறகு குரலைத் தாழ்த்தினா.

"சரி, நீர் போயிட்டு வாரும். நான் மறிக்கேல்லை. ஆனால் இஞ்சை சனம் கேக்கும், கலியாணத்துக்கு வந்தவ எங்கை எண்டு. நான் ஒரு வழி யோசிச்சு வைச்சிருக்கிறன். உமக்குக் காய்ச்சல், மேலறையிலை படுத்திருக்கிறீர் எண்டு சொல்லிவிடுறன். கதவைப் பூட்டி, திரைச்சீலையையும் இழுத்து விட்டிடுறன். ஒருத்தருக்கும் தெரியவராது."

அன்பாகத்தான் சொன்னா. எனக்காக ஊருக்கே பொய் சொல்ல அந்த மனுசி தயாராக இருந்தா. ஆனாலும் திரைச்சீலை என்ற சொல்லைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"வேண்டாம் மச்சாள்," என்றேன். "அந்தக் காட்டுக்குள்ளாலை ஒருக்கா ஒளிச்சுப் போனது போதும். ஆரும் கேட்டால், தனியக் காடு பாக்கப் போயிட்டாள் எண்டு சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ."