வேலைக்குப் போற மாதிரி உக்காரு

எங்கள் தெருவில் அண்ணனுக்கு 'அரைத் திருப்பு' என்று பெயர். வைத்தது மாடி வீட்டு அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துணி காயப்போட வரும்போது அண்ணன் வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு அரைத் திருப்பு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். காய்ந்த துணியை எடுக்க வரும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அண்ணன் மெக்கானிக் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்முன்னால் ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பார். நாள் முழுக்க அதையே கேட்டுக் கேட்டு வீட்டிலும் வாயில் அதுதான் வரும். ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டு, "இது நல்லா இருக்கா, முன்னாடி நல்லா இருந்துச்சா?" என்பார். அண்ணியின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ஆளை விடுங்க."

ஸ்கூட்டர் அண்ணியுடையது. சின்ன இன்ஜின், பழைய கார்புரேட்டர் வண்டி. அண்ணன் அதை ஓட்டியதே அபூர்வம். கடை நடந்து போகும் தூரம். அண்ணி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறார். காலையில் கதவைத் திறக்கும் சாவி அவரிடம்தான். வேலைக்குப் போகும் அம்மாக்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். முதல் பஸ் அதற்கப்புறம்தான் வரும். ஆகவே வண்டி கிளம்பியே ஆக வேண்டும். தினமும் காலையில் அண்ணன் வண்டியை வெளியே எடுத்து, ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, அண்ணி செருப்பு மாட்டும் நேரத்துக்கு ஓடும் வண்டியாகக் கையில் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு. பிளக்கைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷால் கரியைத் தேய்ப்பார். ஏர் ஃபில்டரின் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். "இது யாரோட பனியன்? இவ்வளவு ஓட்டை!" என்று மாடி வீட்டு அக்கா மேலிருந்து கேட்பார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்தால் ஒரு வாஷராவது மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் கூடுதலா போட்டுட்டான்" என்று அதை டப்பாவில் போட்டு வைப்பார். கெட்டிக்காரக் கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடமாட்டார்.

கடைசியில் டியூனிங். அதற்கு அண்ணியைக் கூப்பிடுவார். இந்தக் கூத்தைப் பார்க்கத்தான் மாடி வீட்டு அக்கா காத்திருப்பார்.

"ஏம்மா, வா. வேலைக்குப் போற மாதிரி உக்காரு."

"நைட்டியில இருக்கேன்."

"நைட்டி பரவாயில்ல. ஹெல்மெட் போடு. பையை மாட்டு. தண்ணி பாட்டிலை நிரப்பி உள்ள வை."

நைட்டியும் ஹெல்மெட்டுமாக, சாப்பாட்டுப் பையைச் சீட்டுக்கு முன்னால் வண்டியில் மாட்டிவிட்டு, எங்கும் போகாத வண்டியில் அண்ணி நேராக உட்கார்ந்திருப்பார். "எந்த ஊருக்குப் பயணம்?" என்று மேலிருந்து குரல் வரும். அண்ணன் கண்டுகொள்ள மாட்டார். கடையிலும் அப்படித்தான். "பேப்பரை வீட்ல எப்படிப் பிடிப்பீங்களோ அப்படியே பிடிங்க. எனக்காக நிமிர்ந்து உக்காராதீங்க" என்பார். கார்புரேட்டரின் காற்றுத் திருகை அரைத் திருப்புத் திருப்பி, நிமிர்ந்து, "இப்ப நல்லா இருக்கா, முன்னாடியா?" என்பார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வரும்.

அண்ணன் கடையிலேயே இறந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், கண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அசதியாகத் தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள்.

அண்ணியோடு இருக்க நான் அவர் வீட்டுக்கே வந்துவிட்டேன். வண்டி உறை போட்டபடியே ஒரு மூலையில் நின்றது. அண்ணி வேலைக்குத் திரும்பக் கிளம்பிய அன்று அது ஸ்டார்ட் ஆகவில்லை. தெருமுனை மெக்கானிக் வந்து தள்ளிக்கொண்டு போனார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, எல்லாம் சரி பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது தலையைச் சொறிந்தார்.

"அக்கா, காத்து திருகு எங்கயோ வெளியில கிடந்துச்சு. முழுசா உள்ள மூடிட்டு ஒன்றரைத் திருப்பு வெளிய எடுக்கணும், அதான் கணக்கு. இது ரெண்டு பங்குக்கும் மேல. இப்படி வச்சா எந்த வண்டியும் சிக்னல்ல நின்னதும் அணைஞ்சு போகும். எப்படி ஓட்டுனீங்க?"

"ஒரு நாள்கூட அணைஞ்சதில்லையே" என்றார் அண்ணி.

"இனிமே பாருங்க, பூ மாதிரி ஓடும்."

மறுநாள் முதல் சிக்னலிலேயே வண்டி அணைந்தது. அடுத்த சிக்னலிலும் அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்களாம். காப்பக வாசலில் பிள்ளைகளோடு நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். அணையவில்லை. நான் ஊரைச் சுற்றி வந்தேன். பூ மாதிரிதான் ஓடியது. அண்ணியைப் பின்னால் உட்காரவைத்து, அவர் மடியில் பையோடு, சிக்னல் சிக்னலாக நின்று பார்த்தோம். ஒரு தடவைகூட அணையவில்லை. மறுநாள் காலையில் அண்ணி தனியாகப் போனார், அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடைக்குப் போனார், நன்றாக ஓடியது. திங்கட்கிழமை மறுபடியும் அணைந்தது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

"அக்கா, வண்டிக்கும் வேலைக்குப் போகப் பிடிக்கல போல" என்றார் மெக்கானிக். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். அண்ணி சிரிக்கவில்லை.

தப்பாக இருந்தபோது ஓடிய வண்டி, சரி செய்த பிறகு ஏன் ஓடவில்லை? எனக்கு மண்டை காய்ந்தது. பெட்ரோலா, காலைக் குளிரா, அண்ணியின் கையா? அண்ணி எப்படிப் பிரேக் பிடிக்கிறார் என்றுகூடக் கூர்ந்து பார்த்தேன். "என்னை ஏன் அப்படிப் பாக்குற? நான் பிள்ளைகளைப் பாக்குற மாதிரி இருக்கு" என்றார்.

இதற்கிடையில் அண்ணியின் அண்ணன் வந்தார். நல்ல மனிதர், நல்லது செய்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்ட மனிதர். "இந்த ஓட்டை வண்டியோட ஏன் மல்லுக்கட்டுற? இதை விலைக்கு எடுக்க ஆள் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போறாங்க. நீயும் வேலையை விட்டுட்டு எங்க வீட்டுக்கே வந்துடு."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடுச்சுன்னா?"

"சரியானா வச்சுக்கோ. நானா வேணாங்குறேன்?"

அண்ணி உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தார். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தார். அந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு மனமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காப்பகத்துக்குப் போக முடியாவிட்டால் எதைச் சொல்லி இருப்பது?

ஞாயிறு காலை. நான் வண்டியை வாசலுக்குத் தள்ளி, நடு ஸ்டாண்ட் போட்டு, ஸ்டார்ட் செய்தேன். சீராக ஓடியது. அண்ணன் குந்தும் இடத்தில் குந்தினேன். அவர் இதையெல்லாம் எப்படித்தான் தொடங்குவார் என்று யோசித்தபோது அந்தக் குரல்தான் காதில் வந்தது.

"அண்ணி, வாங்க. வேலைக்குப் போற மாதிரி உக்காருங்க."

அண்ணி கதவருகே அப்படியே நின்றுவிட்டார். "கேலி பண்றியா?"

"இல்ல அண்ணி. ஹெல்மெட், பை, தண்ணி பாட்டில். எல்லாம்."

மாடியில் துணி உதறும் சத்தம் நின்றது. இந்தத் தடவை மேலிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை. அண்ணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் அதே சீரில் ஓடியது. பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்து, வழக்கமாக மாட்டும் இடத்தில் மாட்டினார்.

இன்ஜினின் குரல் மாறியது. தொண்டை கட்டியவர் பேசுவது மாதிரி தடித்து, திணறி, புகைக்குழாயிலிருந்து கறுப்பாக ஒரு ஊது ஊதி, அணைந்தது.

"பையை எடுங்க."

எடுத்தார். ஸ்டார்ட் செய்தேன், ஓடியது. மாட்டினார், திணறியது.

நான் தலையைச் சாய்த்துக் கீழிருந்து பார்த்தேன். சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்துக்கு மேலே, அண்ணி பையை மாட்டுவது ஒரு சின்னக் கறுப்புக் குமிழில். பையின் கனத்தில் அது பாதி வெளியே வந்து தொங்கியது.

"அண்ணி, இது சோக்."

"எது?"

"பை மாட்டுற இது. குளிர்ல ஸ்டார்ட் பண்ண இழுக்குறது. இழுத்தா பெட்ரோல் கூடுதலா போகும். வண்டி சூடானதும் உள்ள தள்ளிடணும்."

"பை மாட்டுற கொக்கி உடைஞ்சு வருஷக்கணக்காச்சு. இதுலதான் மாட்டுறேன். சோக் இன்ஜினுக்குள்ள எங்கயோ இருக்கும்னு நினைச்சேன். அவர்தானே ஸ்டார்ட் பண்ணித் தருவார்."

பை பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது. அண்ணன் காற்றைக் கூட்டி அதற்கு ஈடு கட்டியிருக்கிறார். அவர் இருந்தவரை இரண்டு தப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. மெக்கானிக் ஒன்றை மட்டும் சரி செய்துவிட்டார்.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவருக்குத் தெரியுமா?"

தினமும் காலையில் அந்தக் குமிழை இழுத்தவர், உள்ளே தள்ளியவர் அவர்தான். அதே குமிழில் பை தொங்குவதை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்திருந்தால், 'ஏம்மா, பையை அங்க மாட்டாதே' என்று ஒரு வார்த்தை போதுமே. ஒருவேளை அவரும் புரியாமல்தான், வண்டி என்ன கேட்கிறதோ அதைக் கொடுப்போம் என்று வாராவாரம் அரைத் திருப்பாகத் திருப்பிக்கொண்டே இருந்தாரோ? பையையும் தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் கேட்டவர். தெரிந்து கேட்டாரா, கடைப் பழக்கத்தில் கேட்டாரா? இரண்டு விதமாகவும் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் அண்ணன் முகம்தான் தெரிகிறது.

"ஒரு கொக்கி வாங்கி மாட்டிடலாம் அண்ணி. வண்டி இப்படியே சரியா இருக்கட்டும்."

அண்ணி பையை அந்தக் குமிழிலேயே திரும்ப மாட்டினார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

"நீ திருப்பு."

"மெக்கானிக் பாத்தா திட்டுவார்."

"திட்டட்டும். திருப்பு."

ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்து அவர் ஓட்டத்தை நிறுத்தாமல் வைத்திருந்தார். நான் காற்றுத் திருகை அரைத் திருப்பு வெளியே எடுத்தேன். "இப்ப நல்லா இருக்கா, முன்னாடியா?" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"இன்னும்."

இன்னொரு அரை. அப்புறம் இன்னும் இரண்டு. தடித்த குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அண்ணி ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தார். வண்டி அணையாமல் தானாகவே ஓடியது.

"இது" என்றார். "இதுதான். இதுக்கு மேல தொடாதே."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கேட்டுக் கிடைக்காத பதில் அது. அது அண்ணிக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். அப்படியே, நைட்டியோடு, தெருவைத் தாண்டி சிக்னல்வரை போனார். நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து அதே சத்தம் திரும்பி வந்தது.

சாயங்காலம் அண்ணியின் அண்ணன் ஆளோடு வந்தார். அண்ணி வாசலிலேயே சொன்னார்: "சரியாயிடுச்சுண்ணா. நான் வரல."

"என்ன கோளாறாம்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"தெரியலண்ணா" என்றார் அண்ணி. "அவர் வச்ச மாதிரியே வச்சிட்டோம்."