கொண்டை முடிந்த பிறகுதான் அப்டேட்

பேகம்பூர் போகும் சாலையில் விசேஷப் பத்திரிகை அச்சடித்துத் தரும் சின்னக் கடை அது. நடத்தியவர் ஒரு பெண்மணி. காதில் செருகிய பேனா, எதற்கும் இறங்காத தாடை. கம்ப்யூட்டரில் அப்டேட் போடும் முன் கூந்தலை உதறிக் கொண்டை போடுவார், சண்டைக்குப் போகிறவர் மாதிரி.

தங்கை மகனின் காதுகுத்துப் பத்திரிகைக்காக நான் போன காலையில்தான் அப்படிப் போட்ட ஒரு அப்டேட் பிரிண்டரைப் படுக்க வைத்திருந்தது.

"நல்லா ஓடுனதை ஏம்மா தொட்டீங்க?" எனக்கு எரிச்சல்.

"இந்தக் கம்ப்யூட்டர் ஓடுறது லினக்ஸுங்கற மென்பொருள்லண்ணே. நான் வச்சிருக்குற ரகத்துல தினம் ஏதாச்சும் புதுசு வரும். போடாம விட்டா மொத்தமாச் சேந்து வந்து அடிக்கும்."

"எல்லாரும் வச்சிருக்குறதையே வச்சா என்ன?"

"அதுவுந்தான் கெடும். அது கெட்டா கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். இது கெட்டா நானே கை வைக்கலாம். செத்த நேரம் பொறுங்கண்ணே."

செத்த நேரம் மதியம் வரை நீண்டது. போனில் யார் யாரோ எழுதியதைப் படித்து, திட்டிக்கொண்டே தட்டினார். கடைசியில் பிரிண்டரின் பழைய மென்பொருளைத் தேடிப் பிடித்துப் போட்டதும் பத்திரிகைகள் சரசரவென்று விழுந்தன.

"எங்கிட்டயா!" என்று மேசையில் ஓங்கி அடித்தார்.

உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது: இது பழையது, புதியதைப் போடவா?

"வேணாம்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

"உங்க வேலை முடிஞ்சிருச்சுல்லண்ணே?"

பத்திரிகைக் கட்டை அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். அது வீரமா, வீம்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, கொண்டையை அவிழ்த்து உதறி, மறுபடி இறுக்கி முடிந்துகொண்டிருந்தார்.